கயாவில் விட்ட காய்

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு உண்டு. நல்ல சிரிப்பு. ஆவுடையம்மாள் சிரிப்பது.

இப்போது இல்லை. பிறகு.

இப்போது அவளுடைய வீட்டுக்காரர் உலகநாதன், அழாத குறையாக மடத்து வாசலில் நிற்கிறார்.

"சாமி, எனக்குக் காவி கொடுத்துருங்க."

மடத்துச் சாமி முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. சாமிக்கு நாற்பது வயதுகூட இருக்காது. உலகநாதனுக்கு ஐம்பத்தெட்டு. ஆனாலும் பத்து வருஷமாக உலகநாதனுக்கு அவர்தான் குரு.

"காவி எதுக்கு வே?"

"வீட்ல இருக்க முடியல சாமி."

"வந்து எத்தனை நாளாச்சு?"

"பன்னெண்டு நாள்."

"போயிருந்தது?"

"பதினோரு மாசம்."

பதினோரு மாதம். தாமிரபரணிக் கரையிலிருந்து காசி. காசியிலிருந்து கயா. அங்கிருந்து பத்ரி. முக்கால்வாசியும் நடை. பனியில் விறைத்துப்போன இடது கால் சுண்டுவிரலுக்கு இன்னும் உணர்ச்சி வரவில்லை.

திரும்பி வந்து பார்த்தால் வீடு சிறுத்துக் கிடந்தது.

கட்டிலில் படுத்தால் முதுகு வலித்தது. தரையில் துண்டை விரித்துப் படுத்தார். விடிந்ததும் கால்கள் அவரைக் கேட்காமலே தெருமுனைவரை போயின. அங்கே போய் நின்றதும், அடுத்த ஊர் எது என்று தெரியாமல் திரும்பின. கொண்டுவந்த மூட்டையை அவிழ்க்கவில்லை. கட்டியது கட்டியபடியே கதவுக்குப் பின்னால் தொங்கியது.

ஒருநாள் வாய் தவறி, "இந்தச் சத்திரத்துல வெந்நீர் எப்பக் கிடைக்கும்?" என்று கேட்டுவிட்டார். ஆவுடை வெந்நீர் வைத்தாள்.

"ஆத்துக்குக் குளிக்கப் போனேன் சாமி. கங்கையப் பாத்த கண்ணுக்கு இதெல்லாம் ஒரு ஆறா?"

"இதெல்லாம் ஒரு ஆறா" என்றார் சாமி.

உலகநாதனின் குரலேதான். அந்த மூக்கடைப்பு உட்பட.

சாமிக்கு அப்படி ஒரு பழக்கம். யார் பேசினாலும் அவர்களுடைய குரலை எடுத்து அவர்களிடமே நீட்டுவார். கேட்பவருக்குச் சுருக்கென்று இருக்கும். கோபித்துக்கொள்ளவும் வழியில்லை, சாமியின் முகம் கோயில் தூண்மாதிரி இருக்கும்.

"ஆவுடை என்ன சொல்லுதா?"

"ஒண்ணும் சொல்ல மாட்டேங்கா. நான்தான் பேசிக்கிட்டே இருக்கேன். பத்ரியப் பத்திச் சொன்னேன், பனியப் பத்திச் சொன்னேன். உம் கொட்டுதா. முன்னெல்லாம் தெருவுக்கே கேக்கும் அவ சிரிப்பு. வந்து பன்னெண்டு நாள்ல ஒரு தடவைகூடச் சிரிக்கல சாமி."

"சாப்பாடு?"

உலகநாதனின் குரல் இறங்கியது.

"தயிரும் சோறும். உப்பு."

"விரதமா?"

"இல்ல." பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். "கயாவுல ஒரு காய விட்டேன் சாமி. எந்தக் காய்னு மறந்துட்டேன்."

முறத்தில் சாமியின் விரல் நின்றது.

காசி, கயா என்று போகிறவர்கள் தங்களுக்குப் பிடித்த காய் ஒன்றை அங்கேயே விட்டுவிட்டு வருவது வழக்கம். விட்டால் விட்டதுதான். அப்புறம் உயிருள்ளவரை அது இலையில் விழக்கூடாது. ஊர் திரும்பியதும் முதல் சாப்பாட்டிலேயே வீட்டில் கேட்பார்கள், என்ன விட்டீர்கள் என்று. சொன்னால் அதை ஒதுக்கிச் சமைப்பார்கள்.

எதை விட்டோம் என்பதையே விட்டுவிட்டு வந்தவர் உலகநாதன் ஒருவராகத்தான் இருக்கும்.

இல்லை, சிரிப்பு இது இல்லை. அவருக்கு இது சிரிப்பாக இல்லை.

"பாகக்காய விடுறதாத்தான் இருந்தேன் சாமி."

"உமக்குப் பாகக்காய் பிடிக்காதே?"

"அதான்."

சாமி ஒரு கல்லை எடுத்து வாசலில் எறிந்தார்.

"கடைசி நிமிஷத்துல வெக்கமாப் போச்சு. எங்க அப்பாவுக்குப் பிண்டம் வச்ச கையி. அதே இடத்துல நின்னு ஏமாத்தவான்னு தோணுச்சு. யோசிக்கதுக்குள்ள அங்க சடங்கு செஞ்சு வைக்கிற பண்டா 'போலோ, போலோ, ஜல்தி போலோ'ன்னு, சீக்கிரம் சொல்லுன்னு கத்துதான். பின்னால நூறு பேரு நெருக்குதாங்க. வாயில என்னமோ வந்துச்சு, சொல்லிட்டேன். மண்டையப் பிளக்குற வெயிலு. அன்னைக்கு மத்தியானமே காய்ச்சல் கண்டு மூணு நாள் சத்திரத்துல கிடந்தேன். தெளிஞ்சு எந்திரிச்சா, அந்த நாளே சுத்தமா அழிஞ்சு போச்சு."

"ஜல்தி போலோ!"

சாமி கயாவுக்குப் போனதே கிடையாது. ஆனாலும் அந்தப் பண்டாவின் குரல்தான். உலகநாதனுக்கு உடம்பு தூக்கிப் போட்டது.

"கூட வந்தவங்களக் கேட்டீரா?"

"அவங்க எனக்கு முன்னாலயே முடிச்சுட்டு வெளிய போயிட்டாங்க."

"ஆவுடை கேட்டாளா?"

கேட்டாள். முதல் நாள், ஏழு வகை சமைத்து இலை போட்டுவிட்டு, அகப்பையைக் கையில் பிடித்தபடி நின்று, "என்னத்த விட்டிய?" என்று கேட்டாள்.

"நீர் என்ன சொன்னீர்?"

"யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு பண்டா சொல்லிட்டான்னேன்."

"அப்படியா சொன்னான்?"

உலகநாதன் தரையைப் பார்த்தார்.

"கயாவுல கொடுத்த வாக்க மறந்துட்டேன்னு பெண்டாட்டிகிட்ட எப்படிச் சாமி சொல்ல?"

"அவ என்ன செஞ்சா?"

"கொஞ்ச நேரம் என் முகத்தையே பாத்தா. அகப்பையக் கீழ வச்சா. உள்ள போயித் தயிர எடுத்துட்டு வந்தா."

மடத்துக்குப் பின்னால் யாரோ துணி துவைக்கும் சத்தம் கேட்டது.

"அந்த வீட்ல எனக்கு இனி ஒண்ணும் இல்ல சாமி. மூட்டையக்கூட அவுக்கல. காவி கொடுத்தா இப்படியே கிளம்பிருவேன்."

சாமி முறத்தை ஒருமுறை புடைத்தார். அரிசி மேலே போய்க் கீழே வந்தது.

"எதை விட்டோம்னே தெரியாத ஆளு, மிச்சத்தையும் எப்படி வே விடுவீரு?"

உலகநாதன் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

"முதல்ல அந்தக் காயக் கண்டுபிடியும். அப்புறம் காவி."

"எப்படிச் சாமி?"

"நாளையிலேர்ந்து உம்ம வீட்டுக்குக் காய் நறுக்குறது நீரு. கயாவுல கொடுத்த வாக்கு வாயில நிக்காது, கையில நிக்கும். விட்ட காய் கையில வரும்போது கை நடுங்கும். நடுங்காத காயச் சாப்பிடும்."

"நிசமாவா சாமி?"

சாமியின் முகம் மறுபடி தூணாக இருந்தது.

*

மறுநாள் காலை, கிணற்றடிக்குப் போகும் வழியில், பின்சுவரில் படர்ந்து தொங்கிய சுரைக்கொடியில் உலகநாதன் தலையை இடித்துக்கொண்டார். வந்த நாளிலிருந்து தினமும் இடிக்கிறார். போகும்போது இந்தக் கொடி இல்லை. முன்பு இல்லாத கொடிக்குக் குனிய உடம்பு பழகவில்லை.

"சனியன்" என்று காயைத் தள்ளிவிட்டு, முகம் கழுவி, அடுக்களைக்கு வந்தார்.

ஆவுடை அரிவாள்மணைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"எந்திரி. நான் நறுக்குதேன்."

"என்னது?"

"சாமி சொன்னாரு."

"சாமியா சொன்னாரு?"

அவள் முகத்தில் ஏதோ ஒன்று வந்து, வந்த வழியே போனது. நகர்ந்து இடம் கொடுத்தாள்.

முதல் நாள் வெண்டைக்காய். உலகநாதன் காயைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். வைத்தியர் நாடி பிடிப்பதுபோல மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார். கை சும்மா இருந்தது.

அன்று வெண்டைக்காய்ப் பொரியல் சாப்பிட்டார். பன்னிரண்டு நாள் வெறும் தயிரைக் கண்ட நாக்கு. மூன்றாவது தடவை கேட்டு வாங்கினார். ஆவுடை போட்டாள்.

இரண்டாம் நாள் கத்திரிக்காய். நடுங்கவில்லை. அப்புறம் அவரை, புடலை, வாழைக்காய், பூசணி. கை கல்லாட்டம் இருந்தது.

நறுக்கும்போது சும்மா இருக்க முடியாமல் பேசினார்.

"பத்ரிக்குப் போற வழியில ஒரு கிழங்கு கொடுத்தாங்க பாரு…"

"சின்னதா நறுக்குங்க. வேகாது."

"ஹரித்துவாரத்துல விடியக்காலை…"

"காம்பையும் சேத்து வெட்டுதிய."

பத்து நாளில் பத்ரி தீர்ந்தது. பதினைந்தாம் நாள் காசியும் தீர்ந்துபோனது. பதினாறாம் நாள் சேப்பங்கிழங்கு. சொல்ல ஒன்றும் இல்லை. அடுக்களையில் அரிவாள்மணையின் சத்தம் மட்டும்தான் கேட்டது. அப்போதுதான் காலுக்குக் கீழே இருந்த மணைப் பலகையைப் பார்த்தார்.

"இந்தத் தகரம் எப்ப அடிச்சது?"

ஆவுடை நிமிர்ந்தாள். ஊர் திரும்பிய பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி அது. வெந்நீர் நேரத்தைக் கணக்கில் சேர்க்காவிட்டால்.

"ஆடியில. பலகை ரெண்டாப் பொளந்துட்டு. நான்தான் அடிச்சேன்."

"ஆணி நேரா இறங்கியிருக்கே."

"மூணு வீணாப் போச்சு."

மறுநாள் பீர்க்கங்காய். கிணற்றுக் கயிறு ஏன் புதுசாக இருக்கிறது என்று கேட்டார். பழைய கயிறு அறுந்து வாளி உள்ளே போன கதையைச் சொன்னாள். அதற்கு மறுநாள் கொத்தவரை. கூடத்துச் சுவரில் ஏன் அவ்வளவு உயரத்துக்கு ஈரக்கறை என்று கேட்டார். கார்த்திகை மழையில் தண்ணீர் உள்ளே வந்ததையும், அரிசிப் பானையைக் கட்டில்மேல் ஏற்றிவைத்து அவளும் கட்டில்மேல் உட்கார்ந்திருந்ததையும் சொன்னாள்.

"அந்தக் கட்டில்லயா?"

"அந்தக் கட்டில்லதான்."

அன்று உலகநாதன் தரையில் படுக்கவில்லை.

மூட்டை மட்டும் கதவுக்குப் பின்னால் அப்படியே தொங்கியது. பெருக்கும்போதெல்லாம் ஆவுடையின் கண் அங்கே போய் வந்தது.

சிரிப்பு எங்கே என்று கேட்கிறீர்களா? வரும். அதற்குமுன் முப்பத்தெட்டாம் நாள் வர வேண்டும்.

*

முப்பத்தெட்டாம் நாள் காலை உலகநாதன் நறுக்கிக்கொண்டே கேட்டார்.

"நம்ம வீட்டுச் சாவி ஒண்ணு ஏன் புஷ்பம் வீட்டு ஆணியில தொங்குது?"

புஷ்பம் பக்கத்து வீட்டுக்காரி. நேற்று அவள் வீட்டில் ஏணி இரவல் வாங்கப் போனபோது பார்த்திருந்தார்.

ஆவுடை தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"ஐப்பசியில கொடுத்தேன். திருப்பி வாங்க மறந்துட்டேன்."

"எதுக்குக் கொடுத்த?"

"ஆஸ்பத்திரிக்குப் போனேன்லா."

"எந்த ஆஸ்பத்திரி?"

"பெரிய ஆஸ்பத்திரி. மார்ல ஒரு கட்டி வந்துச்சு. வெட்டி எடுத்து, சோதிக்கணும்னு மதுரைக்கு அனுப்பினாங்க. தாள் வர பதினோரு நாள் ஆச்சு."

"என்ன வந்துச்சு தாள்ல?"

"ஒண்ணும் இல்லன்னு வந்துச்சு."

துருவும் சத்தம் நிற்கவில்லை.

"எனக்கு ஏன் எழுதல நீ?"

"எந்த ஊருக்கு எழுத? நீங்க நடந்துக்கிட்டேல்லா இருந்திய."

"பயந்தியா ஆவுடை?"

அவள் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள்.

"பயம்னு சொல்ல முடியாது. வேற ஒரு கவலை. எனக்கு ஒண்ணு ஆகி, அது தெரியாம நீங்க அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்து நிக்கிய, வீடு பூட்டிக் கிடக்கு. சாவி எங்கன்னு உங்களுக்கு யாரு சொல்லுவா? அந்தப் பதினோரு நாளும் அதே நினைப்பு. அதான் புஷ்பத்துகிட்ட கொடுத்தேன். உங்க வேட்டி எந்தப் பெட்டியில இருக்கு, வெந்நீருக்கு எந்தப் பானை, எல்லாம் அவளுக்குக் காட்டி வச்சேன்."

உலகநாதனின் கை நின்றது.

பிறகு நடுங்கியது. மணையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மடியிலும் நடுங்கியது. இன்னொரு கையால் பிடித்தார். அந்தக் கையும் நடுங்கியது.

"வெட்டிக்கிட்டியளா?"

"இல்ல."

எழுந்தார். செருப்புக்கூடப் போடாமல் மடத்தைப் பார்த்து நடந்தார்.

*

"நடுங்கிட்டு சாமி."

சாமி மடத்து முற்றத்தில் வேட்டி உலர்த்திக்கொண்டிருந்தார்.

"எந்தக் காய்?"

உலகநாதன் வாயைத் திறந்தார்.

மூடினார்.

"நீருதான வே நறுக்கினது?"

"நான்தான் சாமி."

"கண்ணுக்கு முன்னாலதான இருந்துச்சு?"

"ஆமா."

"பச்சையா, வெள்ளையா? அதையாவது சொல்லும்."

உலகநாதன் கண்ணை மூடிப் பார்த்தார். பச்சையும் இல்லை, வெள்ளையும் இல்லை. யார் வீட்டுச் சுவரிலோ ஓர் ஆணி. அதில் ஒரு சாவி.

"சாவி…" என்றார்.

சாமி அதை எந்தக் குரலிலும் திருப்பிச் சொல்லவில்லை.

ஈர வேட்டியின் இரண்டு முனையையும் இழுத்துக் கட்டினார். சுருக்கத்தைக் கையால் நீவிவிட்டார்.

"உள்ள காவி இருக்கு. எடுத்துத் தரவா?"

உலகநாதன் வெறும் காலைப் பார்த்தார். புழுதி அப்பியிருந்தது.

"அடுப்புல உலை கொதிச்சிருக்கும் சாமி. காய் பாதிதான் நறுக்கினேன்."

"அப்ப ஓடும்."

நாலு எட்டு வைத்திருப்பார்.

"ஓய்! முப்பத்தெட்டு நாள்ல உம்ம கைக்கு வராத காய் எது?"

*

உலகநாதன் விரலை மடக்கிக்கொண்டே நடந்தார்.

வெண்டை வந்தது. கத்திரி வந்தது. அவரை, புடலை, வாழை, பூசணி. சேப்பங்கிழங்கு. பீர்க்கு. கொத்தவரை. பாகற்காய்கூட வந்தது, கசக்கக் கசக்கத் தின்றார். முருங்கை வந்தது. எல்லாம்தான் வந்தது. இந்தச் சாமிக்கு வேறு வேலை இல்லை.

அவசரத்தில் முன்வாசலுக்குச் சுற்றாமல் பின்சந்தில் நுழைந்தார்.

சுவரோரம் பேச்சுக் குரல் கேட்டது.

"தினமும் எங்களுக்கே அறுத்துத் தாறிய அக்கா. பிள்ளையளுக்குச் சலிச்சுப் போச்சு. ஒருநாள் உங்க வீட்டுக்கும் ஒண்ணு வையுங்களேன்." புஷ்பத்தின் குரல்.

"எங்க வீட்ல ஆகாது புஷ்பம்."

"ஆசையா நீங்கதான விதை போட்டிய? அண்ணாச்சி திரும்பி வரும்போது காய்க்கணும்னு?"

"போட்டேன். என்ன செய்ய? காய்க்கிற கொடியப் பிடுங்க மனசு வரல."

உலகநாதன் உள்ளே கால் வைத்தார். நெற்றியில் 'ணங்' என்று இடித்தது.

இந்த முறை திட்டவில்லை. இடித்ததை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். பச்சையாக, குடம்போல, பால்நிறப் பூனைமயிரோடு, ஒரு சுரைக்காய்.

பிடித்தபடியே நின்றார்.

புஷ்பம் அவர் முகத்தைப் பார்த்தாள். தன் பங்குக் காயை எடுத்துக்கொண்டு மெல்ல நழுவினாள்.

"ஆவுடை."

"என்ன?"

"இது நம்ம வீட்ல ஆகாதுன்னு உனக்கு யாரு சொன்னா?"

அவள் அவரைப் பார்த்தாள். அன்று அகப்பையைப் பிடித்தபடி பார்த்தாளே, அதே பார்வை. பிறகு உள்ளே போனாள். அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு எதையோ உருவிக்கொண்டு வந்து நீட்டினாள்.

ஒரு தபால் கார்டு. ஒரு மூலையில் மஞ்சள் கறை.

முப்பத்தெட்டு நாளும் அவர் நறுக்க உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு கை தூரத்தில் இருந்திருக்கிறது.

எழுத்து சாய்ந்து சாய்ந்து கிடந்தது. ஒரு வரி இன்னொரு வரியின்மேல் ஏறியிருந்தது. காய்ச்சல்காரன் எழுத்து. ஆனாலும் அவருடைய எழுத்து.

'ஆவுடைக்கு. கயா வந்தேன். அப்பா காரியம் முடிந்தது. பாகற்காயை விட்டு ஏமாற்ற நினைத்தேன். முடியவில்லை. எனக்கு உள்ளதிலேயே பெரிய ஆசை எது என்று தேடினேன். நீ வைக்கும் சுரைக்காய்ப் பால் கூட்டு. அதை விட்டுவிட்டேன். மன்னிக்கவும். உடம்பு சுடுகிறது. உலகநாதன்.'

இரண்டு தடவை படித்தார்.

"இத நான் எழுதலையே!"

"பின்ன, அந்தப் பண்டாவா எழுதினான்?"

"அப்ப, முதல் நாளே உனக்குத் தெரியுமா?"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் சொல்லக் கூடாதுன்னு பொய் சொன்னப்பவே?"

புடவைத் தலைப்பை எடுத்து வாயில் வைத்தாள்.

"அப்ப முப்பத்தெட்டு நாளா, ஒவ்வொரு காயா, நான் கையப் பாத்துக்கிட்டு…"

தலைப்புக்குப் பின்னால் தோள் இரண்டும் குலுங்கத் தொடங்கின.

உலகநாதன் தலைக்கு மேலே தொங்கிய காயைப் பார்த்தார். கையிலிருந்த கார்டைப் பார்த்தார். திரும்பி, மடம் இருக்கும் திசையைப் பார்த்தார்.

"ஆவுடை… சாமிக்கும் தெரியுமா?"

அவ்வளவுதான். தெருவுக்கே கேட்டது.